தம்பி வந்த நேரத்தில் அவளிடமிருந்து போனவை: ஒரு நிகழ்வு ஆய்வு

தம்பி பிறந்த பதினெட்டாம் நாள், காலை பதினொன்றரை மணி. பாயில் படுத்திருந்த அவன் கன்னத்தில் அக்கா எவர்சில்வர் டம்ளரால் ஒரு போடு போட்டாள். அக்காவுக்கு வயது 2 ஆண்டு 3 மாதம். கன்னம் லேசாகச் சிவந்ததோடு சரி, காயமில்லை. அம்மாச்சி அவள் முதுகில் ஒன்று வைத்தார். பிள்ளை பார்க்க வந்திருந்த பெரியம்மா, “அதுக்குப் பொறாமை, இனிமே பக்கத்துல விடாதீங்க” என்றார். அன்றிலிருந்து அம்மா படுத்திருந்த அறைக்குள் போக அவளுக்குத் தடை. அடுத்த மூன்று நாளில் சோற்றைத் தள்ளினாள். ஒரு மாதமாக நனைக்காமலிருந்த ஜட்டியை ஒரே நாளில் ஐந்து முறை நனைத்தாள். அம்மாவின் பழைய சேலை நுனியைச் சப்பிக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

இந்தக் குடும்பம் ஒரே குடும்பமல்ல. பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வீடுகளில் திரும்பத் திரும்பக் காணும் நிலைமைகளை ஒரு குழந்தையின் மேல் வைத்து எழுதியிருக்கிறோம். அதனால்தான் யாருக்கும் பெயரில்லை.

எங்கள் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அந்தப் பிள்ளைக்குத் தம்பி மேல் இருந்த கோபம் கொஞ்சம்தான். இரண்டரை மாதத்துக்குள் அவளிடமிருந்து ஏழு விஷயங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயிருந்தன. ஏழுக்கும் சேர்த்து அவள் கண்ணுக்குத் தெரிந்த ஒரே காரணமாகத் தம்பி வந்து படுத்துக்கொண்டான்.

ஏழும் எவை

குடும்பம் இருப்பது கோயம்புத்தூரில், வாடகை வீட்டில். மார்ச்சில் ஏழாம் மாத வளைகாப்பு. அதற்கு ஒரு வாரம் முன்பு, “வயித்துல பிள்ளை இருக்கும்போது பால் குடுக்கக் கூடாது” என்று வேப்பெண்ணெய் தடவிப் பாலை மறக்கடித்தார்கள். இரண்டே நாளில் முடிந்த வேலை. இது முதல் இழப்பு. வளைகாப்பு முடிந்ததும் அம்மாவோடு திருமங்கலம் பக்கம் அம்மாச்சி வீட்டுக்கு வந்தாள். அவளுடைய வீடு போயிற்று. வேலையை விட்டு வர முடியாத அப்பா கோவையிலேயே தங்கிவிட்டார். ஏப்ரலில் அம்மா தூக்குவதை நிறுத்தினார்; அம்மா இடுப்பில் உட்காரும் இடம் போயிற்று. வெயிலில் தொடை புண்ணாகிறது என்று அதே மாதம் டயப்பரையும் நிறுத்தினார்கள். மே முதல் வாரம், “இப்பவே பழகட்டும்” என்று படுக்கையை அம்மாச்சி அறைக்கு மாற்றினார்கள். மே நடுவில் ஒரு விடியற்காலை, அவள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே அம்மா சிசேரியனுக்குக் கிளம்பிப் போய் ஆறு நாள் கழித்துத்தான் வீடு திரும்பினார்.

எட்டாவது தயாராக இருந்தது: ஜூன் நடுவில் பிளே ஸ்கூல். “வீட்ல இருந்தா தொந்தரவு, மூணு மணி நேரம் அங்க இருக்கட்டும்.” டம்ளர் சம்பவத்துக்குப் பிறகு கட்டணம்கூடக் கட்டியாயிற்று.

இதில் ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருக்கிறது, யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. தவறு தேதிகளில்தான். இரண்டு வயதுப் பிள்ளை ஒரு பெரிய மாற்றத்தில் நிலைகொள்ளக் குறைந்தது மூன்று நான்கு வாரம் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுவது எங்கள் வழக்கம். இங்கே ஒன்று அடங்குவதற்குள் அடுத்தது வந்து விழுந்திருக்கிறது.

பால் மறக்கடித்ததைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அடுத்த பிள்ளை வயிற்றில் தங்கியதால் பால் நின்று, மெலிந்து, நைநை என்று அழும் குழந்தையைத் தமிழில் சவலைப் பிள்ளை என்கிறோம். ஆப்பிரிக்காவின் கானாவில் கா மொழி பேசுபவர்களிடமும் இதே கருத்துள்ள ஒரு சொல் இருந்தது: குவாஷியோர்கர். அடுத்த குழந்தை வந்ததும் முந்தையதற்கு வரும் நோய் என்பது அதன் பொருள். 1930களில் அங்கே பணியாற்றிய டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் அந்தச் சொல்லை அப்படியே மருத்துவத்துக்குள் கொண்டுவந்தார். இன்று கடுமையான ஊட்டக்குறைவு ஒன்றின் பெயர் அது. நம் அம்மாச்சிகளுக்கும் சவலை தெரியும். ஆனால் அதைச் சத்துக் குறைவாக மட்டுமே பார்த்து, முட்டையும் ராகிக் கஞ்சியும் கொடுத்துச் சரிசெய்யப் பார்க்கிறோம். போனது மடியும் என்பது விட்டுப்போகிறது. தாய்ப்பாலை இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தரலாம் என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சிக்கலில்லாத கர்ப்பத்தில் பால் கொடுப்பதைத் தொடரலாம். குறைமாதப் பிரசவ வரலாறோ இரத்தப்போக்கோ இருந்தால் மருத்துவரைக் கேட்க வேண்டும். நிறுத்துவதென்று முடிவெடுத்தால் ஐந்தாம் மாதத்துக்குள் தொடங்கி, பகல் பாலை முதலிலும் தூங்கும் நேரப் பாலைக் கடைசியிலுமாக, ஒன்றுக்கொன்று ஒரு வாரமாவது விட்டு நிறுத்த வேண்டும். வேப்பெண்ணெய் வேலை செய்யும், சந்தேகமில்லை. ஆனால் நேற்று வரை இனித்த அம்மா இன்று கசக்கிறாள் என்பதை அந்தப் பிள்ளையிடம் யாரும் விளக்கிச் சொல்ல முடியாது.

சொல்லாமல் போன விடியற்காலை

தூங்கும்போது நழுவிவிடுவது நம் வீடுகளில் இரக்கத்தோடு செய்யப்படும் காரியம். அழுகையைப் பார்க்க மனம் வராது. விளைவு வேறு மாதிரி வருகிறது: கண்ணை மூடினால் அம்மா காணாமல் போய்விடுவாள் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. அம்மா திரும்பிய பிறகும் இவள் இரவு பதினொன்று வரை தூங்க மறுத்ததும், இரண்டு மணிக்கொரு தரம் எழுந்து தடவிப் பார்த்ததும் அதனால்தான். வீட்டில் அதை அடம் என்றார்கள்.

1969-ல் இங்கிலாந்தில் ஜேம்ஸ், ஜாய்ஸ் ராபர்ட்சன் இணையர் 17 மாதச் சிறுவன் ஒருவனைப் படமெடுத்தார்கள். அம்மாவின் இரண்டாம் பிரசவத்துக்காக ஒன்பது நாள் காப்பகத்தில் விடப்பட்டவன். அங்கே பராமரிக்கும் பெண்கள் மாறி மாறி வந்தார்கள், ஒருவரையும் பற்றிக்கொள்ள அவனுக்கு வாய்க்கவில்லை. அம்மா வந்தபோது அவரிடம் போகாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான். இதே போன்ற பிரிவில், ராபர்ட்சன் வீட்டிலேயே ஒரே ஆள் பார்த்துக்கொண்ட நான்கு குழந்தைகள் எவ்வளவோ நன்றாகத் தாங்கினார்கள். அவர்கள் முன்கூட்டியே வீட்டுக்கு வந்து பழகியிருந்தார்கள். சொந்தப் போர்வை, பொம்மை, அம்மாவின் புகைப்படம் எல்லாம் கூட வந்தன. அம்மாவைப் பற்றி ராபர்ட்சன் இணையர் அவர்களிடம் தினமும் பேசினார்கள்.

நம் வீட்டுக்கு இதை இப்படி மாற்றிக்கொள்ளலாம். பிரசவத் தேதிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்து, அம்மா அதே வீட்டில் இருக்கும்போதே, அம்மாச்சி பக்கத்தில் வாரத்தில் மூன்று இரவு தூங்கப் பழக்க வேண்டும். பார்த்துக்கொள்பவர் ஒருவரே இருக்க வேண்டும்; சித்தி ஒரு நாள், அத்தை ஒரு நாள் என்று பங்கு போடக் கூடாது. கிளம்பும்போது எழுப்பியாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும்: “அம்மா ஆஸ்பத்திரிக்குப் போறேன். நீ அம்மாச்சிகிட்ட இரு. அப்பா உன்னை அங்க கூட்டிட்டு வருவார்.” அழுவாள், அழட்டும். துவைக்காத காட்டன் சேலை ஒன்று அவள் தலைமாட்டில் இருக்கட்டும். மருத்துவமனையில் அவள் உள்ளே நுழையும்போது அம்மாவின் இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். சின்னவன் தொட்டிலிலோ அப்பா கையிலோ இருக்கட்டும்.

நான்கு நாள் குறிப்பு

டம்ளர் சம்பவத்துக்குப் பிறகு முதலில் செய்தது ஒரு நோட்டில் எழுதுவது. ஒவ்வொரு அழுகைக்கும் அடிக்கும் நான்கு விவரம்: மணி என்ன, அம்மாவின் கை என்ன செய்துகொண்டிருந்தது, அதற்கு முந்திய பத்து நிமிடத்தில் அவளிடம் யார் என்ன சொன்னார்கள், கடைசியாக எப்போது சாப்பிட்டாள் அல்லது தூங்கினாள்.

நான்கு நாளில் மூன்று கொத்துகள் தெரிந்தன. ஒன்று, பால் கொடுக்கும் நேரங்கள். இரண்டு, விருந்தாட்கள் வரும் பதினொன்றிலிருந்து பன்னிரண்டரை வரை. மூன்றாவதை ஒருவரும் எதிர்பார்க்கவில்லை: மாலை ஆறரையிலிருந்து ஏழரை. கோவையில் அப்பா வேலை முடிந்து வீடு வரும் நேரம் அது.

டம்ளருக்கும் விளக்கம் கிடைத்தது. பால் மறந்த நாளிலிருந்து அவளுக்குப் பசும்பால் ஊற்றிக் கொடுத்த டம்ளர் அதுதான். அன்று காலை அதை எடுத்துக்கொண்டு மூன்று முறை அம்மாவிடம் போயிருக்கிறாள். “பாப்பா குடிச்சிட்டு, அப்புறம்” என்ற பதில் மூன்று முறை. நான்காம் முறைதான் அடி.

பால் கொடுக்கும் நேரம்

பிறந்த குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை குடிக்கும். ஒரு முறைக்கு அரை மணி என்றாலும் நாளில் நான்கு முதல் ஆறு மணி நேரம் மடி அடைபட்டிருக்கிறது. 1982-ல் வெளியான கேம்பிரிட்ஜ் ஆய்வில் ஜூடி டன், கேரல் கெண்ட்ரிக் இருவரும் 40 குடும்பங்களைப் பின்தொடர்ந்து இதைக் கவனித்திருந்தார்கள்: அம்மாவின் கவனம் கைக்குழந்தையிடம் இருக்கும்போதுதான் மூத்ததன் சேட்டை கூடுகிறது. ஆக, மற்ற நேரத்தை விட்டுவிட்டாலும் இந்த நேரத்தைச் சரிசெய்தே ஆக வேண்டும்.

தரையில் மெத்தை போட்டாயிற்று. சிசேரியன் தையலுக்குச் சுமார் ஆறு வாரம் கைக்குழந்தையை விடக் கனமான எதையும் தூக்கக் கூடாது. அவள் 12 கிலோ. தரை மெத்தையில் தூக்க வேண்டாம், அவளே ஏறி வருவாள். அம்மா சுவரில் சாய்ந்து, வயிற்றின் மேல் ஒரு தலையணை வைத்து, சின்னவனை ஒரு பக்கக் கைக்கடியில் பிடித்துக்கொண்டால் மறுபக்கம் அவளுக்கு மிஞ்சும்.

சின்னவன் பசிக்கு வீறிட ஆரம்பிப்பதற்கு முன்பே, கையைச் சூப்பத் தொடங்கும்போதே, முதல் இரண்டு நிமிடம் அவளுக்கு. தண்ணீர், ஒண்ணுக்கு, ஒரு கட்டிப்பிடித்தல். பிறகு பால் நேரத்தில் மட்டும் திறக்கும் ஓர் ஓலைப்பெட்டி. அதில் நான்கே பொருள்: கெட்டி அட்டைப் படப்புத்தகம், பெரிய ஸ்டிக்கர்கள், மூடியுள்ள சின்னச் சின்ன டப்பாக்கள், கொஞ்சம் அவல். மூன்று நாளுக்கொரு முறை இரண்டு பொருளை மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் முதல் நாளே கொட்டினால் நான்காம் நாள் பெட்டிக்கு மதிப்பில்லை. பல்லாங்குழிச் சோழி, புளியங்கொட்டை, மணி எதுவும் கூடாது. அவளே விழுங்குவாள், அல்லது பாப்பா வாயில் வைப்பாள்.

“எனக்கும் பால்” என்று கேட்டாள். இந்த வயதில் மறந்து இரண்டு மாதமான பிள்ளைகள் பெரும்பாலும் வாயை வைத்துவிட்டு, எப்படி உறிஞ்சுவதென்று தெரியாமல் சிரித்துவிட்டு இறங்கிவிடுவார்கள். அனுமதிக்கலாம். அம்மாவுக்கு மனமில்லையென்றால் திட்டாமல், “இப்ப உனக்கு டம்ளர் பால், அம்மா மடியிலயே உக்காந்து குடி” என்று சொன்னாலும் போதும். இங்கே அம்மா இரண்டாவது வழியை எடுத்தார். கேள்வி மூன்று வாரம் தொடர்ந்தது, பிறகு எப்போதாவது.

அடி விழும்போது

முதல் விதி: இருவரையும் தனியாக விடக் கூடாது, கதவைத் தட்டுகிறார்கள் என்று போகும் அரை நிமிடத்துக்குக்கூட. போகிறவர் இருவரில் ஒருவரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். தூளிக்கு இன்னும் கண்டிப்பு வேண்டும்: வேகமாக ஆட்டிவிடுவாள், தொங்கிப் பார்ப்பாள், துணி அவள் கழுத்திலேயே முறுக்கிக்கொள்ளலாம். கையெட்டும் தூரத்தில் பெரியவர் இல்லாதபோது தூளியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவது நல்லது. சின்னவன் தனிப் படுக்கையில், மட்டமான இடத்தில், மல்லாந்து தூங்கட்டும். அவளை அவன் பக்கத்தில் படுக்கவைக்கக் கூடாது, அவள் அம்மாவின் மறுபக்கம்.

அடிக்கும் கையைக் காற்றிலேயே பிடித்துச் சொல்ல வேண்டியது சின்ன வாக்கியம்: “அடிக்க விடமாட்டேன். வலிக்கும். அம்மா வேணும்னா அம்மான்னு கூப்பிடு.” அவ்வளவுதான். நீண்ட விளக்கம் அந்த வயதுக்குச் சத்தமாக மட்டுமே கேட்கும். திருப்பி அடித்தால், பெரியவர் சின்னவரை அடிக்கலாம் என்ற பாடம் போய்ச் சேரும். அவள் செய்ததும் அதுதானே.

அடித்தபின் அவள் கண் எங்கே போகிறது என்று பாருங்கள். அம்மாவைப் பார்த்தால் அது கூப்பாடு. பாப்பாவையே பார்த்தால், தட்டினால் என்ன ஆகும் என்ற சோதனை. சோதனைக்குத் தடையை விட வழி காட்டுவது மேல். இந்த வீட்டில் “பாப்பா கால் உனக்கு” என்று விதி வைத்தார்கள். முகத்தைத் தொடக் கூடாது. பாதத்தைத் தொடலாம், தடவலாம், முத்தம் வைக்கலாம். பாதம் கண்ணுக்கும் உச்சிக்குழிக்கும் வெகு தூரம்.

அம்மாச்சி காலை நீட்டிச் சின்னவனைக் குளிப்பாட்டும் காலைவேளை தனிச் சண்டைக்களமாக இருந்தது. எண்ணெய், வெந்நீர், சாம்பிராணி, ஊரே சுற்றி நிற்கும். மாற்றம் எளியது: முதலில் அவளை அதே காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிவிட்டு, பிறகுதான் அவன். அவளும் தன் பிளாஸ்டிக் பொம்மையைக் காலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் சொன்னவற்றில் அம்மாச்சி ஒரே நாளில் ஏற்றுக்கொண்டது இது ஒன்றுதான். மற்றவற்றுக்கு வாதம் நடந்தது.

வாயிலிருந்து வருபவை

“இனிமே அம்மா உனக்கில்ல, பாப்பாவுக்குத்தான்.” “உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்.” “பாப்பாவை நாங்க தூக்கிட்டுப் போகட்டா?” பிள்ளை பார்க்க வருபவர்கள் செல்லமாகச் சொல்பவை. இரண்டு வயதுக்குக் கேலி புரியாது. சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்ளும். அம்மா காணாமல்போன அனுபவம் ஏற்கனவே உள்ள பிள்ளைக்கு இது செய்தி, விளையாட்டல்ல. விருந்தாளியைத் திருத்துவது கடினம். அதனால் வீட்டார் உடனே, அவர்கள் முன்னாலேயே, அவளிடம் சொல்ல வேண்டும்: “பெரியம்மா சும்மா சொல்றாங்க. அம்மா உனக்கும்தான்.” வருபவருக்கு வாசலிலேயே ஒரு வேண்டுகோள்: முதலில் மூத்தவளிடம் பேசுங்கள், பாப்பாவை அவள் காட்டட்டும், சட்டை கொண்டுவந்த பையை அவளே பிரிக்கட்டும்.

“நீ பெரிய பிள்ளை ஆயிட்ட” என்பதையும் நிறுத்தச் சொன்னோம். போன வாரம் வரை அவள்தான் வீட்டுப் பாப்பா. பெரியவள் ஆவதால் இதுவரை அவளுக்குக் கிடைத்தது இழப்பு மட்டுமே.

எல்லாக் காத்திருப்புக்கும் பாப்பாவைக் காரணம் காட்டுவதும் இப்படித்தான். “பாப்பா தூங்குறான், கத்தாதே” என்பதற்குப் பதில் “மெதுவாப் பேசுவோம்”. தலைகீழாகவும் செய்ய வேண்டும், அவள் காதில் விழும்படி: “தம்பி, கொஞ்சம் இருடா. அக்காவுக்குச் சோறு ஊட்டிட்டு வர்றேன்.” அவன் நன்றாகத் தூங்கும்போதுகூடச் சொல்லலாம். அவனும் காத்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரிவது பெரிய விஷயம். கேம்பிரிட்ஜ் ஆய்வில் தெரிந்த இன்னொன்றும் இங்கே பொருந்தும்: கைக்குழந்தையை ஒரு ஆளாகப் பாவித்து, அதற்கு என்ன வேண்டும், ஏன் அழுகிறது என்று மூத்ததோடு பேசிய அம்மாக்களின் பிள்ளைகள், பின்னால் ஒருவரோடொருவர் அதிக ஒட்டுதலாக இருந்தார்கள். “ஏன் அழறான்? பசியா, ஒண்ணுக்குப் போயிட்டானா?” என்று அவளைக் கேட்பதில் செலவு ஒன்றுமில்லை.

மற்றவை

பிளே ஸ்கூல் தள்ளிப்போடப்பட்டது. தம்பி வீட்டில் இருக்க, தான் மட்டும் வெளியே அனுப்பப்படுவதை அவள் வேறெப்படியும் வாசிக்க மாட்டாள். டயப்பர் இரவில் மட்டும் பேச்சின்றித் திரும்பியது. பகலில் இரண்டு மணி நேரத்துக்கொரு முறை கழிவறை. நனைத்தால் துடைப்பது மட்டும், பேச்சு வேண்டாம். இப்படிப் பின்னோக்கிப் போகும்போது மலச்சிக்கல் இருக்கிறதா என்று பார்க்க மறக்கக் கூடாது. அடக்கி அடக்கி மலம் இறுகினால் சிறுநீரும் கட்டுப்படாது. எரிச்சலோ காய்ச்சலோ இருந்தால் சிறுநீர்ப் பரிசோதனை.

அம்மாவோடு தனியாக நாளைக்கு இரண்டு முறை, பதினைந்து நிமிடம். சின்னவன் வேறொருவர் கையில், கைபேசி வேறு அறையில். என்ன விளையாட்டு என்று அவள் சொல்வாள்.

மாலை ஆறரைக்கு அப்பாவின் வீடியோ அழைப்பு. “அப்பாகிட்ட பேசு” என்றால் ஓடிவிடுவாள். அதனால் பேச்சு கிடையாது. அவர் அங்கே தட்டை வைத்துக்கொள்வார், இவள் இங்கே. இருவரும் இட்லி சாப்பிடுவார்கள். ஏழு நிமிடம். அந்த நேரத்து அழுகைதான் எல்லாவற்றிலும் முதலில் அடங்கியது.

மூன்று வாரத்தில் அடி நாளைக்கு ஒன்று இரண்டாகக் குறைந்தது. தூக்கம் திரும்ப ஆகஸ்ட் வரை ஆனது, அதுவும் கோவைக்குப் போய் அப்பா பக்கத்தில் படுத்த பிறகே. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பிரெண்டா வோலிங் குழு 241 குடும்பங்களை, இரண்டாம் குழந்தை பிறப்பதற்கு முன்பிருந்து அதன் முதல் வயது வரை பின்தொடர்ந்தது. பெரும்பாலான மூத்த குழந்தைகள் பெரிய சிக்கலின்றிப் பழகிக்கொள்கிறார்கள் என்பதே அவர்கள் கண்டது. பெற்றோருக்கு இதைத் தயங்காமல் சொல்லலாம்.

பழகாதபோது காட்ட வேண்டிய அறிகுறிகளும் உண்டு. எடை குறைவது, பேசிய சொற்கள் மறைந்து திரும்பாமல் இருப்பது, மூன்று மாதம் கடந்தும் சாப்பாடும் தூக்கமும் சீராகாதது: இவற்றுக்குக் குழந்தை மருத்துவரைப் பார்க்க வேண்டும். அம்மாவையும் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீளும் அழுகை, எதிலும் பிடிப்பின்மை, தனக்கோ பிள்ளைக்கோ தீங்கு நினைப்பது ஆகியவை சோர்வல்ல, மகப்பேற்றுக்குப் பின் வரும் மனநோயாக இருக்கலாம். அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 104 என்ற சுகாதார உதவி எண்ணிலும், நாடு முழுவதும் 14416 என்ற மனநல உதவி எண்ணிலும் பேசலாம்.

எட்டாம் மாதம் சின்னவன் தவழத் தொடங்கியதும் அடி மீண்டும் வந்தது. இம்முறை காரணம் நேரடியானது: அவள் அடுக்கியதை அவன் கலைத்தான், ஸ்டிக்கர் புத்தகத்தைத் தின்றான். “தம்பிதானே, குடுத்துடு” என்ற பேச்சு வீட்டில் எழுந்தது. அதற்குப் பதிலாக, அவள் மட்டும் எட்டும் உயரத்தில், சாப்பாட்டு மேசை மேல், அவளுக்கென்று ஒரு பெட்டி வைக்கப்பட்டது. அதிலிருப்பதை யாருக்கும் தர வேண்டியதில்லை. மூடி போட்ட டப்பாக்களைத் தரைக்கு இறக்கி அவனிடம் கொடுத்தது அவள்தான்.